எழுதியவர்களும் எழுதப்பட்டவளும்

1990ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான ‘ஹென்றி அண்ட் ஜூன்’ என்ற திரைப்படம், திரை வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒற்றை வரியாகத்தான் இடம்பெறுகிறது. அமெரிக்கத் திரைத்துறையின் தரச்சான்று முறையில் ‘என்.சி.-17’ என்னும் புதிய சான்றைப் பெற்று வெளிவந்த முதல் படம் அது என்பதே அந்த வரி. செய்தி சரியானதுதான் என்றாலும், அந்தச் சான்றைப் பற்றிய பேச்சில் படத்தின் பொருள் அடிபட்டுப் போயிற்று. 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் பாரிஸ் நகரில் உலகம் இன்னும் அறிந்திராத இரண்டு எழுத்தாளர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளும் ஒருவரோடு ஒருவர் கொண்டிருந்த காதலையும் பொறாமையையும் பணக்கடனையும் இலக்கியக் கடனையும் சொல்லும் இப்படம், படுக்கையறையில் செலவிடும் அதே அளவு கவனத்தைத் தட்டச்சுப்பொறியின் மீதும் நாட்குறிப்பேட்டின் மீதும் செலுத்துகிறது. நால்வர் சேர்ந்து வாழ்ந்த ஒரு வாழ்க்கையை எழுதும் உரிமை அவர்களில் யாருக்கு உண்டு என்ற கேள்வி படம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நால்வரில் மூத்தவர் ஹென்றி மில்லர். 1891 டிசம்பர் 26 அன்று நியூயார்க்கில் பிறந்து புரூக்ளின் பகுதியில் வளர்ந்த அவர், ‘வெஸ்டர்ன் யூனியன்’ தந்தி நிறுவனத்தில் தந்தி கொண்டுசெல்லும் ஆட்களை வேலைக்கு எடுக்கும் அலுவலராக இருந்து, எழுத்தையே தொழிலாகக் கொள்ள எண்ணி 1924இல் அந்த வேலையை உதறியவர். அதற்கு முந்தைய ஆண்டில் பிராட்வே பகுதியின் நடனக்கூடம் ஒன்றில் அவர் சந்தித்த பெண்தான் ஜூன். காசு கொடுத்து நுழைவோருடன் கணக்குப் பார்த்து நடனமாடும் வேலையில் இருந்த ஜூன், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் புகோவினா பகுதியில் 1902இல் பிறந்து, குழந்தையாகவே பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். முதல் மனைவியையும் பெண் குழந்தையையும் விட்டுப் பிரிந்த மில்லர், 1924இல் ஜூனை மணந்தார். கணவர் வீட்டில் உட்கார்ந்து எழுதட்டும் என்று அவரை வேலையை விடச் சொன்னவரும், அதன்பின் வீட்டுச் செலவுக்குப் பணம் கொண்டுவந்தவரும் ஜூனே. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மில்லரை வாழ்நாள் முழுவதும் அரித்தது. அவருடைய நாவல்களில் பாதி அந்த அரிப்பிலிருந்து பிறந்தவை என்றுகூடச் சொல்லலாம்.

மில்லர் 1930இல் தனியாகப் பாரிசுக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் பணமும் இல்லை, அச்சேறிய நூல் ஒன்றும் இல்லை. நண்பர்களின் அறைகளில் படுத்து, முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் சாப்பிட்டுக் காலம் தள்ளிய அந்த நாட்களில் அவருக்கு இடம் கொடுத்தவர்களில் ஒருவர் ரிச்சர்டு ஆஸ்போர்ன் என்னும் அமெரிக்க வழக்கறிஞர். பாரிசில் இருந்த ஓர் அமெரிக்க வங்கியில் அவர் பணியாற்றினார். அதே வங்கியில் உயர்நிலை அலுவலராக இருந்தவர் ஹியூ கைலர். நெருங்கியவர்கள் அவரை ஹியூகோ என்றழைத்தார்கள். கைலரின் மனைவிதான் அனாயிஸ் நின். இலக்கிய வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் ஒரு சந்திப்பு, இரண்டு வங்கி ஊழியர்களின் பழக்கத்தால் நேர்ந்தது என்பது சற்று வேடிக்கையான உண்மை.

அனாயிஸ் நின் 1903 பிப்ரவரி 21 அன்று பாரிசின் புறநகரான நூயியில் பிறந்தவர். தந்தை ஹோவாக்கின் நின் பியானோ கலைஞர், இசையமைப்பாளர்; தாய் ரோசா குல்மெல் பாடகி. இருவருக்கும் கியூபாவே பூர்விகம். தந்தை குடும்பத்தைக் கைவிட்டபின், 1914இல் தாயுடன் நியூயார்க்குக்குக் கப்பலேறிய பதினொரு வயதுச் சிறுமி, பிரிந்த தந்தைக்கு எழுதும் கடிதமாக ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினாள். தந்தைக்கு அனுப்பப்படாமலே வளர்ந்த அந்தக் கடிதம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்டு, பல்லாயிரம் பக்கங்களைத் தொட்டது. 1923இல் ஹவானாவில் கைலரை மணந்த நின், அடுத்த ஆண்டே கணவரின் பணியின் பொருட்டுப் பாரிசுக்குத் திரும்பினார். 1929இன் பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் வங்கியாளர்களின் கையும் சற்று இறுகவே, தம்பதியர் நகரின் பெரிய அடுக்ககத்தை விட்டு, மேற்கே இருந்த லூவ்சியென் என்னும் சிற்றூரில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோனார்கள். 1931 டிசம்பரில் ஒரு நாள் மதிய உணவுக்கு ஆஸ்போர்ன் மில்லரை அழைத்துவந்தது அந்த வீட்டுக்குத்தான். அப்போது நின்னுக்கு வயது 28. மில்லருக்கு நாற்பது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஜூனும் நியூயார்க்கிலிருந்து வந்து சேர்ந்தார். வந்தவர் சில வாரங்களே தங்கினார். ஆனால் அந்தச் சில வாரங்களில் நின் முதலில் மயங்கியது மில்லரிடம் அல்ல, ஜூனிடம்தான் என்பதை நாட்குறிப்பு தெளிவாகக் காட்டுகிறது. இருவரும் கைகோத்துக் கடைகளில் அலைந்தார்கள். ஜூன் தன் வெள்ளிக் காப்பை நின்னுக்கு அணிவித்தார். நின் ஜூனுக்கு உடையும் காலணியும் பணமும் தந்தார். ஜூன் அமெரிக்காவுக்குத் திரும்பியபின் மில்லரும் நின்னும் பேசிக்கொண்டதெல்லாம் அவரைப் பற்றியே. இல்லாத ஒருத்தியைப் புரிந்துகொள்ள முயன்ற அந்தப் பேச்சும், அதைத் தொடர்ந்து பறந்த கடிதங்களும் 1932 மார்ச்சில் இருவரையும் காதலர்களாக்கின. அக்டோபரில் ஜூன் மீண்டும் பாரிசுக்கு வந்தபோது நிலைமை மாறியிருந்தது. மோதல்களுக்குப்பின் ஆண்டு முடிவதற்குள் அவர் நிரந்தரமாகப் பிரிந்து சென்றார். 1934இல் மெக்சிகோவில் மணவிலக்கு முடிந்தது.

நடந்தவை இவ்வளவுதான். ஆனால் நடந்தவற்றை எத்தனை பேர், எத்தனை முறை, எத்தனை விதமாக எழுதினார்கள் என்று பார்த்தால்தான் படம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்கும். மில்லர் 1934 செப்டம்பரில் பாரிசில் வெளியிட்ட ‘டிராபிக் ஆஃப் கேன்சர்’ நாவலில் ஜூன் ‘மோனா’ என்ற பெயரில் வந்துபோகிறார். ஜாக் கஹானே என்பவரின் ‘ஒபிலிஸ்க்’ பதிப்பகம் கொண்டுவந்த அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் நின்; அச்சுச் செலவுக்கும் அவரே பணம் திரட்டிக் கொடுத்தார். ஆபாசம் என்ற குற்றச்சாட்டால் அமெரிக்காவில் 1961 வரை அந்நூல் சட்டப்படி பதிப்பிக்கப்படவே இல்லை. அங்கு வெளிவந்தபின்னும் பல மாநிலங்களில் வழக்குகளைச் சந்தித்து, 1964இல்தான் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டது. பின்னாளில் மில்லர் எழுதிய ‘ரோசி குரூசிஃபிக்ஷன்’ என்ற மூன்று பாக நாவல், ஏறத்தாழ முழுவதுமே ஜூனுடன் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றியது. நின் தம் பங்குக்கு ‘ஹவுஸ் ஆஃப் இன்செஸ்ட்’ என்ற உரைநடைக் கவிதை நூலிலும், பிற்காலக் கதைகளிலும் ஜூனின் சாயலில் ‘சபீனா’ என்ற பாத்திரத்தைப் படைத்தார்.

இந்தப் புனைவுகளுக்கெல்லாம் அடியில் கிடந்தது நாட்குறிப்பு. அதுவும் ஒரே வடிவில் வெளிவந்ததல்ல. 1931 முதல் 1934 வரையிலான பகுதி முதன்முதலில் 1966இல் நூலானபோது அதில் ஹியூகோ கைலர் இல்லை. தம்மைப் பற்றிய குறிப்புகளை நீக்கிவிடுமாறு அவரே கேட்டுக்கொண்டிருந்தார். இதனால் நூலைப் படித்த ஒரு தலைமுறை வாசகர்கள், தாமாகவே சம்பாதித்துத் தாமாகவே ஓர் அழகிய வீட்டில் வாழ்ந்து எழுதிய சுதந்திரப் பெண்ணாக நின்னைக் கண்டார்கள். பெண்ணிய இயக்கம் எழுச்சி பெற்றிருந்த அக்காலத்தில் அந்தச் சித்திரத்துக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. கணவரின் வங்கிச் சம்பளத்தில்தான் அந்த வீடும், மில்லருடைய வாடகையும், ஜூனின் காலணியும் வாங்கப்பட்டன என்பது அவர்களுக்குத் தெரியாது. மில்லருடனான உடலுறவும் அந்தப் பதிப்பில் இல்லை. நட்பு மட்டுமே இருந்தது. நின் 1977இலும் கைலர் 1985இலும் மறைந்த பின், நின்னின் உடைமைகளுக்குப் பொறுப்பேற்றிருந்த ரூப்பர்ட் போல், நீக்கப்பட்ட பகுதிகளை மட்டும் தொகுத்து 1986இல் ‘ஹென்றி அண்ட் ஜூன்’ என்ற பெயரில் கொண்டுவந்தார். கைலருடன் மணவிலக்குப் பெறாமலே நின் 1955இல் இரண்டாவதாக மணந்துகொண்டவர் இந்தப் போல் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆக, முதல் கணவர் விலக்கச் சொன்னதை இரண்டாம் கணவர் அச்சேற்றினார்.

முதல் பதிப்பில் கணவர் இல்லை, காமம் இல்லை. இரண்டாம் பதிப்பில் இரண்டும் உண்டு, ஆனால் நாட்குறிப்பில் பெரும்பங்கு வகிக்கும் மற்ற செய்திகள் குறைந்துபோயின. இரண்டுமே தேர்ந்தெடுத்துத் தொகுக்கப்பட்டவை. நின்னே தாம் எழுதியதை மறுபடி மறுபடி திருத்தி எழுதும் பழக்கமுடையவர். கணவர் ஒருமுறை குறிப்பேட்டைப் படித்துவிட்டபோது, அதில் உள்ளவை யாவும் கற்பனை என்று சொல்லி அவரை நம்பவைத்தவர். இத்தகைய ஒரு மூலத்தைக் கையில் எடுத்த இயக்குநர், உண்மையில் நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இயக்குநர் பிலிப் காஃப்மன், இலக்கியத்தைப் படமாக்குவதில் அதற்குள் பெயர் பெற்றிருந்தவர். விண்வெளி வீரர்களைப் பற்றிய ‘தி ரைட் ஸ்டஃப்’ 1983இலும், மிலன் குந்தேராவின் நாவலைத் தழுவிய ‘தி அன்பேரபிள் லைட்னெஸ் ஆஃப் பீயிங்’ 1988இலும் வெளிவந்திருந்தன. திரைப்படத்துறைக்கு வருவதற்கு முன் நாவலாசிரியராக விரும்பிய அவர், 1960களின் தொடக்கத்தில் நின்னை நேரில் சந்தித்துப் படமெடுக்க ஊக்கம் பெற்றவர். திரைக்கதையை மனைவி ரோஸ் காஃப்மனுடன் சேர்ந்து எழுதினார்; மகன் பீட்டர் காஃப்மன் தயாரித்தார். திருமணத்தை மீறிய உறவுகளைப் பற்றிய ஒரு படத்தைத் தந்தை, தாய், மகன் எனக் குடும்பமாகச் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள். நின்னாகப் போர்ச்சுகல் நடிகை மரியா டி மெடெய்ரோசும், மில்லராக ஃப்ரெட் வார்டும், ஜூனாக உமா தர்மனும், ஹியூகோவாக ரிச்சர்டு ஈ. கிராண்டும், ஆஸ்போர்னாகக் கெவின் ஸ்பேசியும் நடித்தனர். அப்போது இருபது வயதே ஆன தர்மனுக்கு, முப்பதைத் தொடும் ஒரு பெண்ணின் களைப்பையும் பொய்யையும் சுமக்க வேண்டியிருந்தது. பல காட்சிகளில் சுமந்தும் இருக்கிறார்.

படத்தின் தொடக்கக் காட்சியே அதன் போக்கைச் சொல்லிவிடுகிறது. அனாயிஸ் ஒரு பதிப்பாளரின் அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஆங்கில நாவலாசிரியர் டி.எச். லாரன்சைப் பற்றி அவர் எழுதிய திறனாய்வு நூலைக் குறித்துப் பேச்சு நடக்கிறது. (1932இல் பாரிசில் வெளிவந்த இந்நூல்தான் நின்னின் முதல் புத்தகம்.) காமத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதும் லாரன்சைப் பற்றி எழுத இந்த இளம்பெண்ணுக்கு என்ன அனுபவம் இருக்கும் என்பது பதிப்பாளரின் ஐயம். அதற்கு விடையாக, முன்பு கோடைகாலத்துக்கு வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டின் அலமாரியில் தற்செயலாகக் கண்டெடுத்த சிற்றின்பப் படங்களைப் பற்றி அவர் சொல்லத் தொடங்குகிறார். படங்கள் திரையில் ஒவ்வொன்றாக வருகின்றன. அவற்றுள் ஒன்று ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் புகழ்பெற்ற மரக்கட்டை அச்சு ஓவியம்: முத்துக்குளிக்கும் பெண்ணொருத்தியும் கணவாய் போன்ற எண்காலிகளும். ஆக, இந்தப் பெண்ணின் விழிப்பு ஓர் ஆடவன் தொட்டதால் தொடங்கவில்லை. படங்களைப் பார்த்தும் புத்தகங்களைப் படித்தும் தொடங்கியது. உடல் பின்னால் வந்து சேர்கிறது. பதிப்பாளராக அக்காட்சியில் தோன்றும் ஹுவான் லூயிஸ் புனுவேல், மீமெய்யியல் திரைப்படத்தின் முன்னோடியான லூயிஸ் புனுவேலின் மகன் என்பது காஃப்மன் வைத்த ஒரு சிறு குறும்பு. ஆழ்மனத்தின் கனவுகளையும் ஆசைகளையும் தடையின்றிக் கலையாக்க வேண்டும் என்ற கொள்கையைத்தான் மீமெய்யியல் என்பார்கள். தந்தை புனுவேல் 1929இல் எடுத்த ‘அன் சியன் அந்தலூ’ என்ற குறும்படத்தை இந்தப் படத்தின் பாத்திரங்கள் திரையரங்கில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பெண்கள் விடுதிப் பள்ளியில் ஆசிரியைமீது மாணவி கொள்ளும் காதலைச் சொன்ன 1931இன் ஜெர்மானியப் படமான ‘மெட்சென் இன் யூனிஃபார்ம்’ படமும் அவ்வாறே திரைக்குள் திரையாக வருகிறது.

இப்படிப் பார்ப்பதும் பார்க்கப்படுவதும் படமெங்கும் தொடர்கின்றன. பாரிசின் இரவு வாழ்க்கையைப் படம்பிடித்த ஹங்கேரியப் புகைப்படக் கலைஞர் பிராசாய், மில்லரின் நெருங்கிய நண்பர். அவரும் இப்படத்தில் ஒரு பாத்திரமாக வருகிறார். ஈரமான கற்பாவிய தெருக்கள், கண்ணாடிகள் சூழ்ந்த மதுக்கடைகள், விலைமாதர் இல்லத்தின் கூடம் எனப் பிராசாயின் புகைப்படங்களில் உறைந்திருந்த பல காட்சிகளை ஒளிப்பதிவாளர் பிலிப் ரூஸ்லோ மங்கிய பொன்னிறத்தில் உயிர்ப்பித்திருக்கிறார். ஆஸ்கர் விருதுக்கு ஒளிப்பதிவுப் பிரிவில் இப்படம் பரிந்துரைக்கப்பட்டது இதனால்தான். கணவனும் மனைவியுமாக நின் தம்பதியர் ஒரு விலைமாதர் இல்லத்துக்குச் சென்று, இரண்டு பெண்கள் தமக்குள் நடத்திக் காட்டும் காதல் விளையாட்டைப் பார்க்கும் காட்சி இவற்றுள் முக்கியமானது. நின் தேர்ந்தெடுக்கும் அப்பெண்கள் ஜூனையும் அவரையும் நினைவூட்டுவதுபோல் அமைக்கப்பட்டிருக்கிறார்கள். சொல்லத் தயங்கிய ஆசை, கண்ணெதிரே வேறு இருவரால் நடிக்கப்படுகிறது. அந்த அனுபவம் பிறகு ஏட்டில் ஏறுகிறது. தணிக்கையாளர்களை உறுத்திய இக்காட்சி, இயக்குநரின் கண்ணோட்டத்தில் ஓர் எழுத்தாளர் தன் பொருளைக் கண்டடையும் காட்சியே.

அந்த வகையில் படம் முன்வைக்கும் காம விழிப்பு என்ற கருத்தைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். கத்தோலிக்க வளர்ப்பிலும், ஒழுங்கான ஒரு திருமணத்திலும் இருந்த பெண், நாற்பது வயது நாடோடி எழுத்தாளனால் விழித்தெழுந்தாள் என்று கதையைச் சுருக்குவது எளிது. படத்தை விளம்பரப்படுத்தியவர்கள் அப்படித்தான் சுருக்கினார்கள். ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒருவழியாக இல்லை. மில்லர் நின்னின் நடையைத் தயவின்றித் திருத்தினார். நின் மில்லரின் கையெழுத்துப் படிகளைப் படித்து, ஓடிக்கொண்டே இருந்த அவருடைய உரைநடைக்கு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார். அவர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் 1987இல் தனி நூலாக வந்தபோது, காதல் மொழிகளுக்கு நிகராக இலக்கியச் சர்ச்சைகளும் அதில் இடம்பெற்றிருந்தன. வெறும் உடல் கவர்ச்சி என்றால் அந்த உறவு சில மாதங்களில் தீர்ந்திருக்கும். அது பல ஆண்டுகள் நீடித்ததற்குக் காரணம், இருவருக்கும் தம் முதல் வாசகர் மற்றவரே என்பதுதான்.

படத்துக்குக் குறைகளும் உண்டு. காஃப்மனின் மில்லர், சிரித்த முகமும் பெரிய மனமும் கொண்ட ஒரு பாமரத் தோழனாக வருகிறார். அந்த ஆள் ‘டிராபிக் ஆஃப் கேன்சர்’ நாவலின் கசப்பையும் குரூரத்தையும் எழுதியிருப்பார் என்று நம்புவது கடினம். பெண்களைப் பற்றிய மில்லரின் எழுத்தைப் பெண்ணியத் திறனாய்வாளர் கேட் மில்லெட் 1970இல் ‘செக்ஷுவல் பாலிடிக்ஸ்’ நூலில் கடுமையாகத் தாக்கியிருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து வந்த படம் அந்த விவாதம் நடந்ததையே அறியாததுபோல் நடந்துகொள்கிறது. நின்னும் தேவைக்கு மேல் பேதையாகக் காட்டப்படுகிறார். நாட்குறிப்பில் வரும் நின், கணவர், காதலர், உறவினர், தம் உளப்பகுப்பாய்வாளரான ரெனே அலேந்தி என்று ஒரே காலத்தில் பலரிடம் பல முகங்களைக் காட்டி, ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்கு மறைத்து, அந்தக் கணக்குகளை எல்லாம் இரவில் ஏட்டில் நேர்செய்த சாமர்த்தியசாலி. உளப்பகுப்பாய்வு என்பது நோயாளியைப் பேசவிட்டு அவருடைய கனவுகளையும் நினைவுகளையும் கொண்டு மனச்சிக்கலை அவிழ்க்கும் ஃபிராய்டு வழி மருத்துவமுறை. அக்காலப் பாரிசின் அறிவாளர் வட்டத்தில் அது ஒரு மோகமாகவே இருந்தது. நாட்குறிப்பில் பல பக்கங்கள் அதற்கே செலவாகின்றன. படம் அலேந்தியை விட்டுவிட்டதால், நின்னின் கதை முக்கோணக் காதலாகச் சுருங்கி எளிமையாகிவிட்டது.

ஹியூகோவுக்கு மட்டும் படம் ஓரளவு நியாயம் செய்திருக்கிறது. 1966இன் நூலிலிருந்து தாமே விலகிக்கொண்ட அந்த மனிதர், திரையில் கிட்டார் மீட்டுபவராக, மனைவிமீது தீராத பற்று வைத்தவராக, எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவராக வருகிறார். திருவிழா இரவொன்றில் வேடமிட்ட அந்நியனாக வந்து தம் மனைவியையே அவர் தழுவும் காட்சி, அவருக்கும் ஓர் ஆசையும் கற்பனையும் உண்டு என்பதை உணர்த்துகிறது. பின்னாளில் அவர் ‘இயன் ஹியூகோ’ என்ற பெயரில் செதுக்கு ஓவியராகவும் சோதனைக் குறும்பட இயக்குநராகவும் மாறினார். 1952இல் அவர் எடுத்த ‘பெல்ஸ் ஆஃப் அட்லாண்டிஸ்’ படத்தில் நின்னே தோன்றித் தம் உரைநடையை வாசிக்கிறார்.

இனி, படத்துக்குப் பெயரையும் அவப்பெயரையும் தேடித்தந்த தரச்சான்று விவகாரம். இந்தியாவில் படங்களுக்குச் சான்றளிப்பது 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் இயங்கும் அரசு வாரியம். அதன் சான்றின்றிப் படத்தைத் திரையிட முடியாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே 1968 முதல் தரச்சான்று வழங்கிவந்தது, பெரிய ஸ்டூடியோக்கள் சேர்ந்து அமைத்த தொழில் அமைப்பு. அதன் முடிவுக்குச் சட்டபலம் கிடையாது என்றாலும், திரையரங்கு உரிமையாளர்கள் அதற்குக் கட்டுப்பட்டதால் நடைமுறையில் பலன் ஒன்றே. சிறுவருக்கு அனுமதியில்லாத ‘எக்ஸ்’ என்னும் சான்றை மட்டும் அந்த அமைப்பு வணிகக்குறியாகப் பதிவு செய்யவில்லை. தொடக்கத்தில் ‘எக்ஸ்’ இழிவாகக் கருதப்படவில்லை. ‘மிட்நைட் கவ்பாய்’ அந்தச் சான்றுடனே சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. பதிவு செய்யப்படாத எழுத்து என்பதால் நீலப்படத் தயாரிப்பாளர்கள் அதைத் தாமே எடுத்துத் தம் விளம்பரங்களில் ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொள்ள, சில ஆண்டுகளில் ‘எக்ஸ்’ என்றாலே நீலப்படம் என்றாயிற்று. அதன்பின் பெரியவர்களுக்கான கலைப்படம் எடுத்தவர்கள் நடுவில் சிக்கினார்கள்: ‘எக்ஸ்’ பெற்றால் நாளேடு விளம்பரம் ஏற்காது, திரையரங்கு கிடைக்காது, அதைவிடத் தளர்ந்த ‘ஆர்’ சான்று வேண்டுமென்றால் காட்சிகளை வெட்ட வேண்டும்.

1990இல் இந்தச் சிக்கல் முற்றியது. பீட்டர் கிரீனவே, பெத்ரோ அல்மோதோவார் ஆகிய இயக்குநர்களின் படங்கள் அடுத்தடுத்து ‘எக்ஸ்’ நிழலில் விழுந்தன. அல்மோதோவாரின் ‘டை மீ அப்! டை மீ டவுன்!’ படத்துக்காக அதன் விநியோகஸ்தர்கள் நீதிமன்றம் சென்று தோற்றார்கள். ஆனால் தீர்ப்பளித்த நீதிபதி தரச்சான்று முறையையே கடுமையாகச் சாடினார். அந்த வேளையில் ‘ஹென்றி அண்ட் ஜூன்’ படத்துக்கும் ‘எக்ஸ்’ என்றே முடிவானது. இதன் பின்னால் நின்றது யூனிவர்சல் என்ற பெரிய ஸ்டூடியோ. சிறு விநியோகஸ்தர்கள் பல மாதங்களாகக் கேட்டுக் கிடைக்காத மாற்றம் இப்போது விரைவாகக் கிடைத்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. செப்டம்பர் 26 அன்று ‘எக்ஸ்’ ஒழிக்கப்பட்டு, பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அனுமதியில்லை என்ற பொருளில் ‘என்.சி.-17’ அறிவிக்கப்பட்டது, இம்முறை முறையாகப் பதிவும் செய்யப்பட்டது. ஒன்பது நாட்கள் கழித்துப் படம் வெட்டின்றித் திரைக்கு வந்தது. படத்தின் தொடக்கத்தில் வரும் ஹொகுசாயின் ஓவியமும் சான்றாளர்களை உறுத்தியவற்றுள் ஒன்று என்று அப்போது செய்திகள் வந்தன. அருங்காட்சியகங்களில் யாரும் பார்க்கக்கூடிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியம் அது.

பெயர் மாறினாலும் வாசம் மாறவில்லை. சில ஊர்களில் படத்தைத் திரையிட எதிர்ப்பு கிளம்பியது. பல நாளேடுகள் ‘என்.சி.-17’ விளம்பரங்களையும் ‘எக்ஸ்’ விளம்பரங்களைப் போலவே மறுத்தன. அமெரிக்காவின் மிகப்பெரிய வீடியோ வாடகைக் கடைத்தொடரான ‘பிளாக்பஸ்டர்’ அச்சான்றுள்ள படங்களை அடுக்குவதில்லை என்று முடிவெடுத்தது. அமெரிக்காவில் படம் வசூலித்தது சுமார் 1.15 கோடி டாலர். ஒரு கலைப்படத்துக்கு அது இழிவான தொகையல்ல, ஒரு புதிய சந்தையைத் திறந்துவிடும் அளவுக்குப் போதுமானதும் அல்ல. 1995இல் ‘ஷோகேர்ள்ஸ்’ படம் அதே சான்றுடன் பெரிய அளவில் வெளியாகி மண்ணைக் கவ்வியபின், பெரிய ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து பார்க்கையில், அன்று கதவுகளைச் சாத்தவைத்த படம் இவ்வளவு அடக்கமானதா என்ற வியப்பே மிஞ்சுகிறது. அதன் காமக் காட்சிகளில் பெரும்பாலானவை திரைச்சீலைக்கும் நிழலுக்கும் பின்னால் நிகழ்பவை.

படத்தின் உண்மையான துணிச்சல் வேறொரு காட்சியில் இருக்கிறது. பாரிசுக்குத் திரும்பிவரும் ஜூன், மில்லரின் கையெழுத்துப் படியில் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துச் சீறுகிறாள். அவளுக்குக் கோபம் தன் அந்தரங்கம் வெளியானதில் அல்ல. எழுதப்பட்டிருப்பவள் தான் அல்லள் என்பதில். இத்தனை ஆண்டுகள் உழைத்துச் சோறு போட்டு எழுதவைத்த கணவன், தன்னை ஒரு மாபெரும் நாவலின் நாயகியாக்குவான் என்று காத்திருந்தவளுக்குக் கிடைத்தது ஒரு கேலிச்சித்திரம். அடுத்து, தான் அன்பு வைத்த தோழியும் தன்னை ஏட்டில் குறித்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியவருகிறது. இருவரும் தன்னைக் காதலித்தது தன்னை எழுதுவதற்காகவே என்று அவள் புரிந்துகொள்ளும் அந்த இடத்தில் உமா தர்மனின் நடிப்பு படத்தை வேறு தளத்துக்கு உயர்த்துகிறது. நின்னின் நாட்குறிப்பை மூலமாகக் கொண்ட ஒரு படம், நின்னுக்கு எதிரான வழக்கை இவ்வளவு நேர்மையாக வாதிட இடம் கொடுத்திருப்பது அரிது.

ஜூன் தன் தரப்பை ஒருபோதும் நூலாக எழுதவில்லை. மணவிலக்குக்குப்பின் நியூயார்க்கில் வறுமையிலும் நோயிலும் காலம் கழித்த அவர், 1950களில் மனநல மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு உள்ளானார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் 1961இல் அவரைச் சந்தித்த மில்லர், உருக்குலைந்த தோற்றத்தைக் கண்டு அதிர்ந்துபோனார். 1979இல் அரிசோனா மாநிலத்தில் ஜூன் இறந்தார். அடுத்த ஆண்டு மில்லரும் மறைந்தார். காஃப்மன் படமெடுத்தபோது, மறுத்தோ ஆமோதித்தோ சொல்ல நால்வரில் எவரும் இல்லை.

ஜூனின் பெயரில் எழுத்து எதுவுமே வந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 1920களின் நடுவில் மில்லர் எழுதிய சிறு உரைநடைத் துண்டுகளை வண்ணத்தாளில் அச்சிட்டு, ஜூன் மான்ஸ்ஃபீல்டு என்ற கையொப்பத்துடன் உணவு விடுதிகளிலும் மதுக்கடைகளிலும் அவர் நேரில் விற்றுவந்தார். அழகிய பெண் எழுதியது என்றால் விலைபோகும் என்பது தம்பதியரின் கணக்கு. பிறகு வசதி படைத்த அபிமானி ஒருவர், ஜூன் ஒரு நாவலை எழுதி முடித்தால் பணம் தருவதாகச் சொன்னபோது, மில்லர் வீட்டில் உட்கார்ந்து எழுதிய பக்கங்களைத் தம்முடையவை என்று கொண்டுபோய்க் காட்டி, 1928இல் இருவரும் ஐரோப்பா சென்றுவரும் அளவுக்கு அவர் பணம் பெற்றார். ஜூன் எழுதியதாக விலைபோன ‘மோலக்’ என்ற அந்த நாவல், பல பத்தாண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்து, படம் வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குப்பின் 1992இல் அச்சேறியது. அதன் அட்டையில் இருந்த பெயர் ஹென்றி மில்லர்.